திரையில் ஒன்று, பலகையில் ஒன்று

1986 பிப்ரவரி 9, ஞாயிறு இரவு. மணிலாவின் சர்வதேச மாநாட்டு மையத்தில் அதிபர் தேர்தல் வாக்குகளைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தவர்களில் முப்பது பேருக்கு மேல் எழுந்து வெளியே நடந்தார்கள். நிறையப் பேர் பெண்கள். கணினி காட்டிய கூட்டுத்தொகை ஒன்று, எதிரே பெரிய பலகையில் ஏறிய எண் வேறொன்று. அவர்கள் புகார் அவ்வளவுதான். அங்கிருந்து போய் பக்லாரன் தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்தார்கள்.

டேட்டாவோடு மாரடிக்கிற என்னைப் போன்றவர்களுக்கு இந்தக் காட்சி சட்டென்று புரியும். தேர்தல் மோசடி என்றால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடும் அடியாள்தான் ஞாபகத்துக்கு வருவான். பிலிப்பைன்ஸில் பணம், துப்பாக்கி, பட்டியலில் காணாமல்போன பெயர்கள் எல்லாமே இருந்தன. ஆனாலும் கடைசியில் யாராவது உட்கார்ந்து கூட்டித்தானே ஆகவேண்டும்?

ஃபெர்டினாண்ட் மார்க்கோஸ் 1965 முதல் ஆட்சியில் இருந்தவர். மக்கள் தன் பக்கம்தான் என்று காட்ட, அமெரிக்கத் தொலைக்காட்சிப் பேட்டியில் அவரே திடீர் தேர்தலை அறிவித்தார். எதிரே நின்றவர் கோரசோன் அக்கினோ; 1983ல் சுட்டுக்கொல்லப்பட்ட எதிர்க்கட்சித் தலைவர் பெனிக்னோவின் மனைவி. அரசுக் கணக்கில் மார்க்கோஸுக்கு சுமார் 1 கோடியே 8 லட்சம், அக்கினோவுக்கு 93 லட்சம். நாம்ஃப்ரெல் என்ற தன்னார்வ அமைப்பு தனியாக எண்ணியவரை அக்கினோவுக்கு 78 லட்சம், மார்க்கோஸுக்கு 70 லட்சம். பிப்ரவரி 15ல் நாடாளுமன்றம் மார்க்கோஸையே வெற்றியாளராக அறிவித்தது.

எந்த எண்ணையும் நம்பமுடியாது என்றானபின் தகராறு எங்கே போகும்? முகாமுக்கும் தெருவுக்கும்தான். 22ஆம் தேதி பாதுகாப்பு அமைச்சர் என்ரிலேயும் தளபதி ரமோஸும் கலகம் செய்தார்கள். தன் பகுதியிலேயே மார்க்கோஸுக்காக மூன்றரை லட்சம் கள்ள ஓட்டு சேர்க்கப்பட்டதாக என்ரிலேயே சொன்னார் (எவ்வளவு சாவகாசமாக!). அவர்களைக் காக்க லட்சக்கணக்கானோர் எட்சா சாலையில் திரண்டார்கள். 25ஆம் தேதி மார்க்கோஸ் நாட்டைவிட்டே போனார்.

கதையைப் பொதுவாக இங்கேயே நிறுத்திவிடுவார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது இதற்குப் பிறகு நடந்தது. ஓட்டு தீர்க்காததைத் துப்பாக்கி தீர்த்துவைத்ததை அதிகாரிகள் பார்த்துவிட்டார்களே. சதித்திட்டச் சந்தேகத்தில் அந்த நவம்பரிலேயே என்ரிலேயை அக்கினோ நீக்கவேண்டி வந்தது. பிப்ரவரிக் கலகத்தின் நாயகர்களில் ஒருவரான ஹொனாசான் 1987 ஆகஸ்டில் அக்கினோவுக்கு எதிராகவே படை திரட்டினார். 1989 டிசம்பரில் இன்னும் பெரிய முயற்சி. அமெரிக்கப் போர் விமானங்கள் மணிலா மேல் பறந்துதான் ஆட்சி தப்பியது.

1992ல் அக்கினோ போட்டியிடவில்லை. ரமோஸ் 24 சதவீதத்துக்கும் குறைவான வாக்கில் ஜெயித்தார். இரண்டாவதாக வந்த மிரியம் சாண்டியாகோ, மோசடி என்று வழக்குப் போட்டார். வழக்கு வருடக்கணக்கில் இழுத்தது. டாங்கி எதுவும் வெளியே வரவில்லை.