தானாக ரீஸ்டார்ட் ஆகும் கணினி: ஃபார்மட் செய்யுமுன் கவனிக்க வேண்டியவை

பிள்ளைகள் பள்ளிக்கூட புராஜெக்டை டைப் செய்துகொண்டிருப்பார்கள். அல்லது வளைகுடாவில் இருக்கும் தந்தையுடன் வீட்டார் வீடியோவில் பேசிக்கொண்டிருப்பார்கள். திடீரெனத் திரை கறுத்து, கணினி தானாகவே மறுபடி முதலிலிருந்து துவங்கும். ஒருநாள் நடந்தால் மின்தடங்கல் என்று விட்டுவிடலாம். அடிக்கடி நடந்தால்?

பலரும் உடனே சிபியூவைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போகிறோம். "ஃபார்மட் பண்ணினால் சரியாகிவிடும்" என்ற பதிலைக் கேட்டுச் சம்மதிக்கிறோம். பழுது பவர் சப்ளையிலோ ரேமிலோ இருந்தால் ஃபார்மட் செய்வதால் அது தீராது. பல வருடங்களாகச் சேர்த்த குடும்பப் படங்கள் அழிவதுதான் மிச்சம். எனவே காரணம் என்னவென்று முதலில் வீட்டிலேயே பார்த்துவிடுவது நல்லது.

முதல் வேலை: கோப்புகளைக் காப்பாற்றுங்கள்

எந்தச் சோதனைக்கும் முன்பாக, கணினி ஓடிக்கொண்டிருக்கும் நேரத்திலேயே படங்கள், சான்றிதழ் நகல்கள், கணக்குகள் ஆகியவற்றை எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்கிலோ பென் டிரைவிலோ காப்பி செய்துவிடுங்கள். மொத்தமாக இழுக்காமல் சிறு சிறு ஃபோல்டராக எடுங்கள். இடையில் ரீஸ்டார்ட் ஆனாலும் அதுவரை எடுத்தவை மிஞ்சும்.

எப்போது ஆகிறது என்று குறித்து வையுங்கள்

இரண்டு மூன்று நாட்களுக்கு ஒரு தாளில் குறித்து வந்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

• விண்டோஸ் லோகோ வருமுன்பே ஆகிறதா? பெரும்பாலும் ஹார்டுவேர் கோளாறு.
• சிறிது நேரம் ஓடிய பிறகு, குறிப்பாக கேம் அல்லது வீடியோவின்போது ஆகிறதா? சூடு அல்லது பவர் சப்ளை.
• தண்ணீர் மோட்டார், அயர்ன் பாக்ஸ் போடும்போது ஆகிறதா? மின்னழுத்தம் இறங்குகிறது.
• கரண்ட் போகும் அதே நொடியில் ஆகிறதா? யூபிஎஸ் பேட்டரி பலவீனமாகியிருக்கலாம்.
• புதிய பிரிண்டர், புதிய மென்பொருள் போட்ட பிறகு துவங்கியதா? டிரைவர் பிரச்சினை.
• யாரும் உபயோகிக்காத இரவு நேரத்தில் மட்டும் ஆகிறதா? விண்டோஸ் அப்டேட்டாக இருக்கலாம். இது பழுதல்ல. அப்டேட் பகுதியில் 'ஆக்டிவ் ஹவர்ஸ்' நேரத்தை மாற்றினால் போதும்.

இன்னொரு எளிய சோதனையும் உண்டு. கணினி துவங்கும்போதே டெலீட் அல்லது எஃப்2 பட்டனை அழுத்தி பயாஸ் திரைக்குப் போய், எதையும் மாற்றாமல் அரைமணி நேரம் அப்படியே விடுங்கள். அங்கே விண்டோஸ் இயங்குவதில்லை. அங்கேயும் ரீஸ்டார்ட் ஆனால் கோளாறு ஹார்டுவேரில்தான். ஃபார்மட் பேச்சுக்கே இடமில்லை.

நீலத்திரையை நிற்க வையுங்கள்

பெரிய பிழை ஏற்பட்டால் விண்டோஸ் ஒரு நீலத்திரையைக் காட்டிவிட்டு உடனே ரீஸ்டார்ட் ஆகும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. அதனால் காரணத்தைப் படிக்க நேரம் கிடைப்பதில்லை. அதை நிறுத்தலாம்.

ஸ்டார்ட் மெனுவில் 'வியூ அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ்' என்று தேடித் திறங்கள். 'ஸ்டார்ட்அப் அண்டு ரெக்கவரி' பகுதியின் செட்டிங்ஸில் 'ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்' என்பதிலுள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். அடுத்த முறை திரை நிற்கும். அதிலுள்ள 'ஸ்டாப் கோடு' வரியைச் செல்போனில் படமெடுத்துக்கொள்ளுங்கள். 'மெமரி மேனேஜ்மென்ட்' என்றால் முதலில் ரேமைப் பாருங்கள். 'வீடியோ டிடிஆர் ஃபெயிலியர்' என்றால் கிராபிக்ஸ் டிரைவர் அல்லது கிராபிக்ஸ் கார்டு. நீலத்திரையே வராமல் நேராகக் கறுத்துப்போனால் சந்தேகம் மின்சாரத்தின் மீதும் சூட்டின் மீதும்தான் விழும்.

'இவென்ட் வியூவர்' என்று தேடித் திறந்து 'விண்டோஸ் லாக்ஸ்', 'சிஸ்டம்' என்று போனாலும் பதிவுகள் இருக்கும். 1074 என்ற எண் இருந்தால் ஏதோ ஒரு மென்பொருளோ நபரோ முறைப்படி ரீஸ்டார்ட் செய்திருக்கிறார்கள். அதன் பெயரும் அங்கேயே இருக்கும். 41 என்ற எண், கணினி முறையாக ஷட்டவுன் ஆகாமல் நின்றது என்பதை மட்டுமே சொல்லும். காரணத்தை அது சொல்வதில்லை.

ஹார்டுவேரில் பார்க்க வேண்டியவை

சிபியூ பெட்டியைத் திறக்குமுன் பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.

சூடு: பிராசஸர் மேலுள்ள ஃபேனில் தூசி அடைத்திருக்கிறதா, ஃபேன் சுற்றுகிறதா என்று பாருங்கள். தூசியை மென்மையான பிரஷ்ஷால் எடுங்கள். பல வருடப் பழைய கணினியில் பிராசஸருக்கும் ஹீட்சிங்குக்கும் இடையிலுள்ள தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும். கடையில் மாற்றிக்கொள்ளலாம்.

ரேம்: ரேமைக் கழற்றி, அதன் பொன்னிறப் பகுதியைப் பென்சில் ரப்பரால் லேசாகத் துடைத்து மீண்டும் மாட்டுங்கள். இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். விண்டோஸிலேயே உள்ள 'மெமரி டயக்னாஸ்டிக்' சோதனையையும் ஓடவிடலாம்.

மின்சாரம்: யூபிஎஸ்ஸை விலக்கி, ஒருநாள் வேறு சுவர் பிளக்கில் நேரடியாக இணைத்துப் பாருங்கள். சரியாக ஓடினால் குற்றவாளி யூபிஎஸ் அல்லது பழைய பிளக் பாயிண்ட். பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் நீங்கள் திறக்க வேண்டாம். பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே ஆபத்தான மின்சாரம் தேங்கியிருக்கும்.

ரீஸ்டார்ட் பட்டன்: முன்பக்கப் பட்டன் உள்ளே சிக்கிக்கொண்டாலும் கணினி திரும்பத் திரும்பத் துவங்கும். சிறு விஷயம், ஆனால் பலர் கவனிப்பதில்லை.

மென்பொருளில் பார்க்க வேண்டியவை

ஷிஃப்ட் பட்டனை அழுத்தியபடி ரீஸ்டார்ட் கொடுத்து, 'ட்ரபுள்ஷூட்', 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்', 'ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ்' வழியாக சேஃப் மோடுக்குப் போங்கள். அங்கே ஒழுங்காக ஓடினால், கடைசியாகப் போட்ட மென்பொருளையோ டிரைவரையோ நீக்குங்கள். சிஸ்டம் ரெஸ்டோர் மூலம் பழைய நிலைக்கும் திரும்பலாம்.

வைரஸ் சோதனையும் அவசியம். 2003-இல் பரவிய பிளாஸ்டர், 2004-இல் பரவிய சாஸர் ஆகிய இரண்டும் விண்டோஸ் கணினிகளைத் தானாக ரீஸ்டார்ட் ஆக வைத்தே பெயர் பெற்றவை. விண்டோஸ் அப்டேட்டைத் தள்ளிப்போடாமல் இருப்பதே இவற்றுக்குப் பாதுகாப்பு.

கடைக்குப் போகும்போது

இத்தனைக்கும் பிறகு சரியாகவில்லையென்றால் கடைக்குக் கொண்டுபோங்கள். ஆனால் குறிப்புத் தாளையும் செல்போனில் எடுத்த படத்தையும் காட்டிப் பேசுங்கள். "வேறு பவர் சப்ளை, வேறு ரேம் போட்டுப் பார்த்தீர்களா?" என்று கேளுங்கள். கோப்புகள் வேறிடத்தில் பத்திரமாக இருக்கின்றன என்று உறுதியான பிறகே, கடைசி வழியாக, ஃபார்மட்டுக்குச் சம்மதியுங்கள். கெட்டுப்போன பாகத்தைக் கடையில் வாங்கிக்கொள்ளலாம். அழிந்துபோன படங்களை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.