காட்பாடி ரயிலில் வந்த சீரம்

1986-இல் ஆரணி வட ஆற்காடு மாவட்டத்து ஊர். வடமேற்கே சுமார் 40 கிலோமீட்டரில் வேலூர். பட்டுத் தறி ஓடும் வீடுகளில் யாருக்காவது உள்ளூர் வைத்தியத்துக்கு அடங்காத நோய் வந்தால் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்குத்தான் பஸ் ஏறுவார்கள். அந்த ஆஸ்பத்திரியின் வைராலஜி ஆய்வகத்தில்தான், அந்த ஆண்டு பிப்ரவரியில், இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது முதன்முதலாகத் தெரியவந்தது.

எய்ட்ஸ் வெளிநாட்டு நோய், நம் ஊருக்கு வராது என்று பலர் உறுதியாக நம்பிய காலம் அது. சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் சுனிதி சாலமன் அப்படி நினைக்கவில்லை. தம் மாணவி செல்லப்பன் நிர்மலாவிடம் ஆய்வுத் தலைப்பாக அதையே கொடுத்தார். நிர்மலாவுக்கு 32 வயது. பாலியல் தொழில் வழக்குகளில் பிடிபட்டுக் காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பெண்களிடம் 80-க்கும் மேற்பட்ட ரத்த மாதிரிகளைச் சேகரித்தார். சீரத்தைப் பிரித்து வீட்டு ஃபிரிட்ஜில் வைத்துக் காத்தார். எதற்கான சோதனை என்பது அந்தப் பெண்களுக்குச் சொல்லப்படவில்லை. இந்தக் கண்டுபிடிப்பைக் கொண்டாடும் யாரும் இதை மறைக்கக் கூடாது.

சென்னையில் அப்போது எலிசா சோதனைக்கு வசதி இல்லை. நிர்மலாவும் அவர் கணவரும் மாதிரிகளை ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு இரவு ரயிலில் வேலூரை ஒட்டிய காட்பாடி வந்து இறங்கி, சி.எம்.சி.க்குப் போனார்கள்.

எலிசா 1971-இல் ஸ்வீடனில் எங்வால், பெர்ல்மன் இருவரும் வெளியிட்ட முறை. பிளாஸ்டிக் தட்டின் சிறு குழிகளில் வைரஸின் புரதத்தைப் படியவைத்து, அதன்மேல் நோயாளியின் சீரத்தை விடுவார்கள். வைரஸுக்கு எதிரான ஆன்டிபாடி சீரத்தில் இருந்தால் புரதத்தைப் பற்றிக்கொள்ளும். பிறகு கழுவ வேண்டும். சாயம் ஏற்றிய பட்டு நூலை அலசும்போது ஏறாத சாயம் தண்ணீரோடு போய்விடுவதுபோல, பற்றாதது எல்லாம் இங்கே போய்விடும். அடுத்து, மனித ஆன்டிபாடியைத் தேடிப் பிடிக்கும் இன்னோர் ஆன்டிபாடி. அதனோடு ஒரு நொதி பிணைந்திருக்கும். கடைசியாக விடும் ரசாயனத்தை அந்த நொதி நிறம் மாற்றும். கழுவுவதில் கவனம் பிசகினால் இல்லாத நோய் இருப்பதாகத் தெரியும்.

சி.எம்.சி. வைராலஜி ஆய்வகத்தின் தலைவர் ஜேக்கப் ஜானின் மேற்பார்வையில், அங்கே பணியாற்றிய ஜார்ஜ் பாபுவும் நிர்மலாவும் சோதித்தார்கள். ஆறு மாதிரிகள் மஞ்சளாயின.

உடனே அறிவித்துவிடவில்லை என்பதுதான் இந்த வரலாற்றின் பெருமை. அந்த ஆறு பெண்களிடமும் மறுபடி ரத்தம் எடுத்தார்கள். மாதிரிகள் அமெரிக்காவுக்குப் போய், புரதங்களைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கும் வெஸ்டர்ன் பிளாட் சோதனையில் உறுதியாயின. அதன்பின் மே மாதத்தில் சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டே சட்டமன்றத்தில் செய்தியை அறிவித்தார். நம்ப மறுத்தவர்கள் அப்போதும் இருந்தார்கள்.

 

சுனிதி சாலமன் பின்னாளில் எச்.ஐ.வி. நோயாளிகளுக்காகவே ஒய்.ஆர்.ஜி. கேர் நிறுவனத்தைத் தொடங்கினார், 2015-இல் காலமானார். நிர்மலா 1987 மார்ச்சில் ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டு, கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் வேலைக்குச் சேர்ந்து, 2010-இல் ஓய்வு பெற்றார். அவர் பெயரை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.