முதலில் தொட்டது யார்?

 

ஒலிம்பிக் நீச்சல் போட்டியை டிவியில் பார்த்திருப்பீர்கள். வீரர் சுவரைத் தொட்டதுமே திரையில் நேரம் வந்துவிடுகிறது. நூறில் ஒரு விநாடி பின்தங்கினாலும் பதக்கம் கைவிட்டுப் போகிறது. இந்த நுட்பம் எப்படி வந்தது, அதற்கு எங்கே எல்லை போட்டார்கள் என்பதை இன்று எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

1960, ரோம் ஒலிம்பிக். ஆண்கள் 100 மீட்டர் ஃப்ரீஸ்டைல் இறுதிப் போட்டி. ஆஸ்திரேலியாவின் ஜான் டெவிட், அமெரிக்காவின் லான்ஸ் லார்சன் இருவரும் ஏறத்தாழ ஒன்றாகச் சுவரைத் தொட்டார்கள். அப்போது ஸ்டாப் வாட்ச்தான் கருவி. ஒவ்வொருவருக்கும் மூன்று பேர் நேரம் பார்த்தார்கள். லார்சனுக்கு 55.0, 55.1, 55.1 விநாடி. டெவிட்டுக்கு மூன்று கடிகாரங்களும் 55.2. அப்படியானால் வென்றவர் யார்? லார்சன் என்றுதானே சொல்வீர்கள்?

ஆனால் அன்றைய முறையில் முடிவு சொல்வது கடிகாரம் அல்ல, கரையில் நின்ற நடுவர்களின் கண். முதலிடத்தைக் கவனித்த மூவரில் இருவர் டெவிட் முதல் என்றார்கள். இரண்டாம் இடத்தைக் கவனித்த மூவரில் இருவர் டெவிட் இரண்டாவது என்றார்கள்! ஆக, மூன்றுக்கு மூன்று. தலைமை நடுவர் டெவிட்டுக்குத் தங்கம் என்று அறிவித்தார். லார்சனின் நேரத்தையும் 55.2 என்று மாற்றி எழுதினார்கள். அமெரிக்கா பலமுறை முறையிட்டும் பயனில்லை. அந்தத் தங்கம் லார்சனுக்குக் கடைசிவரை கிடைக்கவே இல்லை.

நம் பள்ளி விளையாட்டு விழா நினைவிருக்கிறதா? ஓட்டப்பந்தயக் கோட்டில் மூன்று ஆசிரியர்கள் நின்றால் மூன்று நேரம் வரும். யார் மேலும் குற்றமில்லை. கண் பார்த்து, மூளை சொல்லி, கட்டைவிரல் அழுத்துவதற்குள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு விநாடி ஓடிவிடும். மனிதக் கையை இடையிலிருந்து எடுத்தால்தான் இதற்குத் தீர்வு.

அந்தத் தீர்வு 1967-இல் கனடாவின் வின்னிபெக் நகரில் நடந்த பான் அமெரிக்கன் போட்டியில் வந்தது. ஒமேகா நிறுவனம் குளத்தின் சுவரில் தொடுபலகையைப் பொருத்தியது. அலை அடித்தால் அது அசையாது, கை அழுத்த வேண்டும். அழுத்தியதும் நேரம் பதிவாகிவிடும். மறு ஆண்டு மெக்சிகோ ஒலிம்பிக்கிலும் அது வந்தது.

மின்னணுக் கருவி நேரத்தை எப்படி அளக்கிறது? கூரையிலிருந்து ஒரே சீராகச் சொட்டும் மழைநீரை எண்ணுவது போலத்தான். உங்கள் கைக்கடிகாரத்தில் உள்ள குவார்ட்ஸ் படிகம் விநாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. தொடக்க ஒலி எழுந்ததும் மின்சுற்று அதிர்வுகளை எண்ணத் தொடங்கும். கை பட்டதும் எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ளும். அதை 32,768-ஆல் வகுத்தால் விநாடி கிடைத்துவிடும். அதிர்வும் எண்ணும் வேகமும் கூடக் கூட, இன்னும் சிறிய நேரத்தை அளக்கலாம்.

இனிமேல் சண்டையே வராது என்றுதானே நினைப்போம்? 1972, மியூனிக் ஒலிம்பிக். 400 மீட்டர் தனிநபர் மெட்லி. ஸ்வீடனின் குன்னர் லார்சன் (இவர் வேறு லார்சன்), அமெரிக்காவின் டிம் மெக்கீ இருவருக்கும் பலகையில் 4 நிமிடம் 31.98 விநாடி. சில நிமிடக் குழப்பத்துக்குப் பிறகு ஆயிரத்தில் ஒரு பங்கு வரை பார்த்தார்கள். லார்சன் 31.981, மெக்கீ 31.983. தங்கம் லார்சனுக்கு.

இங்கே ஒரு கணக்கு. 400 மீட்டரை 272 விநாடியில் நீந்தினால் விநாடிக்குச் சுமார் 1.47 மீட்டர். ஆயிரத்தில் இரண்டு விநாடிக்கு எவ்வளவு? சுமார் 3 மில்லிமீட்டர்! 50 மீட்டர் குளத்தில் எட்டு முறை நீந்த வேண்டும். மெக்கீயின் பாதை அரை மில்லிமீட்டர் குறைவாக இருந்திருந்தாலே போதும், முடிவு மாறியிருக்கும். சிமெண்டும் ஓடும் பதித்துக் கட்டும் குளத்தில் அவ்வளவு துல்லியம் யாரால் தர முடியும்? பாதைக்குப் பாதை 3 சென்டிமீட்டர் வரை கூடுதலாக இருக்கலாம் என்று இன்றைய விதியே இடம் கொடுக்கிறது. கடிகாரம் சரிதான், ஆனால் அது அளந்தது வீரரையா, கொத்தனார் வேலையையா?

அதன்பிறகு விதி மாறியது. நீச்சலில் நூறில் ஒரு விநாடியோடு நிறுத்திக்கொண்டார்கள். அதிலும் சமம் என்றால் இருவருக்கும் பதக்கம். 1984 லாஸ் ஏஞ்சல்ஸில் நான்சி ஹாக்ஸ்ஹெட், கேரி ஸ்டைன்சைஃபர் இருவருக்கும் 55.92, இருவருக்கும் தங்கம். 2016 ரியோவில் சிங்கப்பூரின் ஜோசப் ஸ்கூலிங் 100 மீட்டர் பட்டர்ஃப்ளையில் தங்கம் வென்றாரே, சிங்கப்பூரில் உள்ள நம் சொந்தங்களுக்கு நினைவிருக்கும். அவருக்குப் பின்னால் மூன்று பேர் 51.14, மூவருக்கும் வெள்ளி.

அதே 1984-இல் நம் பி.டி. உஷா 400 மீட்டர் தடை ஓட்டத்தில் நூறில் ஒரு விநாடியில் வெண்கலத்தை இழந்தார். அது வேறு. அவர் ஓடிய வேகத்தில் அந்த நேரத்துக்கு 7 சென்டிமீட்டர் தூரம் உண்டு. வருத்தம்தான், ஆனால் முடிவு சரியானது.

2012 லண்டன் ஒலிம்பிக்கில் பத்து லட்சத்தில் ஒரு விநாடியைப் பிரிக்கும் கருவி வந்துவிட்டது. நீச்சலில் இன்றும் நூறில் ஒன்றுதான். உங்களுக்கு ஐந்தாம் வகுப்பில் சொன்னதுதான்: அளவுகோலில் எதுவரை கோடு இருக்கிறதோ, அதுவரை மட்டும் எழுது.

இதை எழுத ஒரு காரணம் உண்டு. தேர்வு முடிவு வரும்போதெல்லாம் ஒரு மதிப்பெண் கூடியவனைக் கெட்டிக்காரன் என்றும் குறைந்தவனை மந்தம் என்றும் வீடுகளில் பேசுகிறோம். விடைத்தாள் திருத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன், ஒரே தாளை இரண்டு பேர் திருத்தினால் அதைவிட அதிக வித்தியாசம் வரும். பெற்றோராகவும் ஆசிரியராகவும் இருக்கும் என் மாணவர்களே, அடுத்த முறை மதிப்பெண் பட்டியலைக் கையில் எடுக்கும்போது மியூனிக் குளத்தின் 3 மில்லிமீட்டரை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்.