வானொலிப் போட்டியில் புதியவர்: சிங்கப்பூரின் 9வி1 அழைப்புக்குறி

அமெச்சூர் வானொலிப் போட்டி என்பது, ‘ஹாம்கள்’ எனப்படும் உரிமம் பெற்ற அமெச்சூர் வானொலியாளர்கள் குறித்த நேரத்துக்குள் எத்தனை நிலையங்களோடும் எத்தனை நாடுகளோடும் தொடர்பு கொள்கிறார்கள் என்று புள்ளி போட்டுப் பார்க்கும் விளையாட்டு. ஒரு தொடர்பு சில விநாடிகளில் முடிந்துவிடும். இரு தரப்பும் அழைப்புக்குறியைச் சொல்லி, சமிக்ஞை மதிப்பையும் போட்டி கேட்கும் ஓர் எண்ணையும் பரிமாறிக்கொண்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விடுவார்கள். தொடர்பு சேர்க்க இரண்டு வழிகள் உண்டு. பேண்டில், அதாவது ஓர் அலைவரிசைப் பட்டையில், மேலும் கீழும் நகர்ந்து, அழைத்துக்கொண்டிருப்பவர்களைத் தேடிப் பிடிப்பது ஒன்று. ஓர் அதிர்வெண்ணில் உட்கார்ந்து ‘சிக்யூ’ என்று அழைத்து, மற்றவர்களைத் தன்னிடம் வரவைப்பது மற்றொன்று. இதை ஹாம்கள் ‘ரன்’ என்பார்கள்.

புதியவர்கள் பெரும்பாலும் முதல் வழியோடு நின்றுவிடுகிறார்கள். 100 வாட் கருவியும் ஒற்றைக் கம்பி ஆண்டெனாவும் வைத்திருப்பவரை யார் வந்து கூப்பிடப் போகிறார்கள் என்ற தயக்கம். ஐரோப்பாவின் நடுவில் இருப்பவருக்கு அந்தத் தயக்கம் நியாயமானது. சிங்கப்பூரில் இருப்பவருக்கு அப்படியில்லை.

அழைப்புக்குறியின் பலம்

சிங்கப்பூர் நிலையங்களின் அழைப்புக்குறி 9வி1 என்று தொடங்கும். காலனி ஆட்சிக் காலத்தில் விஎஸ்1 என்றும், மலேசியாவோடு இணைந்திருந்தபோது 9எம்4 என்றும் இருந்தது. 1963 செப்டம்பர் 16 முதல் 1965 ஆகஸ்ட் 8 வரை சிங்கப்பூரோடு கொண்ட தொடர்புகள், அமெரிக்க அமெச்சூர் சங்கத்தின் நாடுகள் பட்டியலில் இன்றும் மேற்கு மலேசியக் கணக்கில்தான் சேர்கின்றன. நாட்டின் அரசியல் வரலாறு ஒரு பொழுதுபோக்கின் கணக்குப் புத்தகத்தில் இவ்வளவு துல்லியமாகப் பதிந்திருப்பது வேடிக்கைதான்.

இந்தப் பட்டியல் போட்டியில் ஏன் முக்கியம்? உலகின் மிகப் பெரிய போட்டியான சிக்யூ வேர்ல்ட் வைடு, 1948 முதல் நடந்துவருகிறது. குரல் பிரிவு அக்டோபரின் கடைசி முழு வாரயிறுதியிலும், மோர்ஸ் பிரிவு நவம்பரின் கடைசி முழு வாரயிறுதியிலும் 48 மணி நேரம் நடக்கும். தொடர்புகளுக்குக் கிடைத்த புள்ளிகளைக் கூட்டி, ஒவ்வொரு பேண்டிலும் தொட்ட, அந்தப் பட்டியலிலுள்ள நாடுகள், உலகைப் பிரித்துள்ள மண்டலங்கள் ஆகியவற்றின் எண்ணிக்கையால் பெருக்குவார்கள். ஒரு பெரிய நிலையம் 10,000 புள்ளிகளும் 600 பெருக்கிகளும் வைத்திருக்கிறது என்று கொள்வோம். இன்னொரு சாதாரண மூன்று புள்ளித் தொடர்பு அதற்கு 1,800 சேர்க்கும். இன்னொரு புதிய நாடு கிடைத்தாலோ அதற்கு மேலும் 10,000 கூடும். அதனால்தான் நெரிசலான நேரத்திலும் ஒரு 9வி1 குரல் கேட்டால் பெரிய நிலையத்தார் தங்கள் இடத்தை விட்டுவிட்டு வந்து கூப்பிடுகிறார்கள். சிங்கப்பூர் இருக்கும் 28ஆம் மண்டலம் அவர்களுக்கு அபூர்வம் அல்ல. இந்தோனேசிய நிலையங்களிடமிருந்தே அது கிடைத்துவிடும். அபூர்வமானது நாடுதான்.

அபூர்வத்தின் ஈர்ப்பு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அந்தமானைச் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளாக வானலையில் ஒலிக்காதிருந்த வியூ4 என்ற முன்னொட்டோடு 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் தலைமையிலான குழு போர்ட் பிளேரிலிருந்து இயங்கியபோது, உலகெங்கிலுமிருந்து ஹாம்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கூப்பிட்டார்கள். டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்ததும் அதே நிலையம் பேரிடர்த் தொடர்பு நிலையமாக மாறியது. சிங்கப்பூர் அந்தமான் அளவுக்கு அபூர்வம் அல்ல. ஆனால் சுமாரான சமிக்ஞையைக்கூடத் தேடி வந்து கேட்க வைக்கும் அளவுக்கு அந்தக் குறிக்கு மதிப்பு உண்டு.

எந்த நேரம், எந்தத் திசை

போட்டி உலகப் பொது நேரம் சனிக்கிழமை 0000 மணிக்குத் தொடங்குகிறது. சிங்கப்பூரில் அது காலை 8 மணி. திங்கள் காலை 8 மணிக்கு முடியும். வேலைக்குப் போகிறவர்கள் கடைசி மணி நேரத்தைப் பெரும்பாலும் இழப்பார்கள். சனிக்கிழமை காலையில் 10, 15 மீட்டர் பேண்டுகள் ஜப்பானை நோக்கித் திறந்திருக்கும். டோக்கியோ ஏறத்தாழ 5,300 கிலோமீட்டர் தொலைவில், வடகிழக்கே இருக்கிறது. ஜப்பானிய ஹாம்கள் எண்ணிக்கையில் மிகுதி, கட்டுப்பாடானவர்கள், ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிட மாட்டார்கள். ரன் பழகுவதற்கு இவர்களைவிட நல்ல கூட்டம் கிடைப்பது கடினம்.

ஆனால் புள்ளி குறைவு. ஒரே கண்டத்து வேறு நாட்டுக்கு ஒரு புள்ளி, வேறு கண்டத்துக்கு மூன்று என்பது விதி. இங்கே ஒரு விசித்திரம் இருக்கிறது. போட்டிக் கணக்கில் சிங்கப்பூர் ஆசியா, இந்தோனேசியா ஓசியானியா. எனவே கடலுக்கு அக்கரையில், ஃபெரியில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய பாத்தாம் தீவுக்கு மூன்று புள்ளி, டோக்கியோவுக்கு ஒன்று. ஜொகூர் பாருவுக்கும் ஒன்றுதான். இரவில் 40 மீட்டரில் இந்தோனேசிய நிலையங்கள் நிறைந்திருக்கும். தொலைதூரத்தையே துரத்தும் புதியவர்கள் இந்தப் பக்கத்து வீட்டுப் புள்ளிகளைக் கண்டுகொள்ளாமல் விடுவது தவறு.

ரன்னுக்கு உண்மையான பொற்காலம் பிற்பகல் 3 மணிக்கு மேல். அப்போது ஐரோப்பாவில் காலை. சூரியச் செயல்பாடு உச்சத்தில் இருக்கும் ஆண்டுகளில் 10, 15 மீட்டர் பேண்டுகள் இரவு 8, 9 மணி வரை ஐரோப்பாவுக்குத் திறந்து கிடக்கும். பிறகு கூட்டம் 20 மீட்டருக்கு நகரும். ஏறத்தாழ 11 ஆண்டுச் சுழற்சியின் தாழ்வில் 10 மீட்டர் உறங்கிவிடும். அப்போது 15, 20 மீட்டரை நம்ப வேண்டும்.

அக்டோபர், நவம்பர் சிங்கப்பூரில் இரு பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட காலம். பிற்பகலில் இடி இடிக்கும். ஐரோப்பா திறக்கும் நேரமும் மழை கருக்கும் நேரமும் ஒன்றாகவே வந்து சேரும். இடி நெருங்கினால் ஆண்டெனாக் கேபிளைக் கழற்றிவிட்டு எழுந்துகொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

ஞாயிற்றுக்கிழமையைத் தனியாகச் சொல்ல வேண்டும். முதல் நாளில் பெரிய நிலையங்களே காதை அடைக்கும். மறுநாள் அவர்கள் ஏறக்குறைய எல்லோரோடும் பேசி முடித்துவிட்டு, புதிய குறிகளுக்காகப் பசியோடு காத்திருப்பார்கள். தேடிப் பிடிப்பவர்களும் பழைய குரல்களையே திரும்பத் திரும்பக் கேட்டுச் சலித்திருப்பார்கள். சிறிய நிலையம் அதிர்வெண் பிடித்து உட்கார ஞாயிறு பிற்பகலே ஏற்றது. சனிக்கிழமை முழுவதும் தேடிப் பிடித்துக் கையையும் காதையும் பழக்கிவிட்டு, மறுநாள் ரன்னுக்கு உட்காரும் திட்டம் புதியவருக்கு நன்றாகப் பொருந்தும்.

அதிர்வெண்ணில் உட்கார்ந்த பிறகு

20 மீட்டர் குரல் பகுதியில் இடம் குறைவு. அங்கே 100 வாட் நிலையம் ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்தாலும் சில நிமிடங்களில் அண்டை நிலையம் வந்து அமுக்கிவிடும். 10 மீட்டர் பேண்ட் விரிந்தது. 28.5 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே போனால் ஒதுக்குப்புறமான இடம் கிடைக்கும். கீழே நல்ல இடம் தேடி அலைவதைவிட, மேலே அமைதியான இடத்தில் அரை மணி நேரம் அசையாமல் இருப்பது கூடுதல் பலன் தரும். 30, 17, 12 மீட்டர் பேண்டுகளில் போட்டி நடப்பதில்லை. அவை மற்றவர்களுக்கு விட்டுவைக்கப்பட்டவை.

இடம் காலியாகத் தோன்றினாலும், யாராவது இருக்கிறீர்களா என்று இருமுறை கேட்டுவிட்டே தொடங்க வேண்டும். அழைப்பு நான்கைந்து விநாடிக்கு மேல் போகக்கூடாது: சிக்யூ கான்டெஸ்ட், ‘நைன் விக்டர் ஒன்’ என்று தொடங்கும் குறி ஒன்றிரண்டு முறை, மீண்டும் கான்டெஸ்ட். கடைசிச் சொல் ‘கான்டெஸ்ட்’ ஆக இருப்பதில் ஒரு பயன் உண்டு. பாதியில் வந்து சேர்கிறவருக்கும், இவர் போட்டிக்காக அழைக்கிறார் என்பது புரியும். பிறகு இரண்டு மூன்று விநாடி மௌனம், மறுபடியும் அழைப்பு. பேண்டை உருட்டிக்கொண்டு போகிறவர் ஓர் இடத்தில் ஓரிரு விநாடிகளே நிற்பார். நீண்ட மௌனம் அவருக்கு வெற்றிடமாகத் தெரியும். நீண்ட அழைப்பு பொறுமையைச் சோதிக்கும். பதிவுசெய்த குரலை ஒரு பொத்தானில் வைத்துக்கொண்டால் தொண்டையும் தப்பும், தாளமும் மாறாது. என்1எம்எம் போன்ற இலவச மென்பொருள்கள் இதையும் தொடர்புப் பதிவையும் சேர்த்தே செய்கின்றன.

பதில் வந்ததும் அவருடைய முழுக் குறியைச் சொல்லி, ‘59, 28’ என்று சமிக்ஞை மதிப்பும் மண்டல எண்ணும். அவ்வளவுதான். வானிலை, கருவி, நலம் விசாரிப்பு எதுவும் இல்லை. குறியில் பாதிதான் கேட்டது என்றால், கேட்ட பாதியைத் திருப்பிச் சொல்ல வேண்டும். ‘யார் அது, மறுபடி சொல்லுங்கள்’ என்று பொதுவாகக் கேட்டால் பத்துப் பேர் ஒன்றாகக் கத்துவார்கள். பாதிக் குறியைச் சொன்னால் அதற்கு உரியவர் மட்டும் பதில் தருவார். கேட்ட குறியை விட்டுவிட்டு இன்னும் பலமாக வந்தவருக்குத் தாவும் பழக்கம் கூட்டத்தின் நம்பிக்கையைக் கெடுத்துவிடும். ஒவ்வொரு தொடர்பின் முடிவிலும் நன்றியோடு சொந்தக் குறியைச் சொல்வதும் அவசியம். காத்திருப்பவர்களில் பாதிப் பேருக்கு இது யாருடைய நிலையம் என்று இன்னும் தெரியாது. ஐந்து தொடர்புக்கு ஒருமுறை குறியைச் சொல்லி நேரம் மிச்சம் பிடிக்கிறவர்கள் ஆட்களைத்தான் இழக்கிறார்கள்.

மோர்ஸ் தெரிந்தவருக்கு ஒரு தனிச் சலுகை உண்டு. ரிவர்ஸ் பீக்கன் நெட்வொர்க் என்ற தானியங்கி வாங்கிகளின் வலையம் உலகின் பல பகுதிகளில் மோர்ஸ் அழைப்புகளைக் கேட்டு, யார் எந்த அதிர்வெண்ணில் அழைக்கிறார் என்று உடனுக்குடன் இணையத்தில் போட்டுவிடும். 9வி1 குறியோடு தெளிவான வேகத்தில் இரண்டு மூன்று முறை அழைத்தாலே போதும். ஆட்கள் தாமாக வருவார்கள். அதிவேகத்தில் அனுப்பிக் காட்ட வேண்டியதில்லை. அனுப்பும் வேகத்திலேயே பதிலும் வரும் என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

அடுக்குமாடியும் ஆண்டெனாவும்

சிங்கப்பூரின் பெரும்பாலான ஹாம்களைப் பிடித்து வைத்திருக்கும் சங்கடம் ஆண்டெனாவுக்கு இடமில்லாததுதான். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டுக்காரருக்குக் கூரை சொந்தமில்லை. ஜாலான் புசார் வட்டாரத்துக் கடைவீடுகளில் பல 1991இல் பாதுகாப்புப் பகுதிக்குள் வந்தவை. அவற்றின் முகப்பிலும் கூரையிலும் நினைத்தபடி எதையும் பொருத்த முடியாது. 20 மீட்டர் பேண்டுக்கான அரை அலை டைபோல் 10 மீட்டர் நீளம், 40 மீட்டருக்கு அதுவே 20 மீட்டர். 10 மீட்டர் பேண்டுக்கு 5 மீட்டர் கம்பி போதும். அதுவும் இந்த பேண்டைப் புதியவருக்குப் பரிந்துரைக்க ஒரு காரணம். ஜன்னலோரக் குத்துக் கம்பியும் பால்கனியில் வைக்கும் வளைய ஆண்டெனாவும் மற்ற வழிகள்.

ஆண்டெனாவைவிடப் பெரிய எதிரி இரைச்சல். மின்தூக்கி, எல்இடி விளக்கு, கைப்பேசி சார்ஜர் எல்லாம் சேர்ந்து வாங்கியை நிரப்பிவிடும். அக்டோபர் கடைசியில் சிராங்கூன் சாலை தீபாவளி ஒளியூட்டில் மின்னிக்கொண்டிருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். இத்தகைய நிலையத்தை ஐரோப்பா கேட்கும். இது ஐரோப்பாவைக் கேட்காது. கூப்பிடுகிறவர்களுக்குப் பதில் சொல்ல முடியாமல் சிக்யூ அழைத்துக்கொண்டே இருப்பவரைப் போட்டியாளர்கள் விரைவில் கைவிடுவார்கள். ஆகவே வாட்டைக் கூட்டுவதற்கு முன் வீட்டிலுள்ள மின்கருவிகளை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்து இரைச்சலின் மூலத்தைக் கண்டுபிடிப்பதே முதல் வேலை. வளைய ஆண்டெனாவைத் திருப்பி இரைச்சல் வரும் திசையை ஓரளவு மழுங்கடிக்கலாம். உப்புநீர் அருகே குத்து ஆண்டெனா தாழ்கோணத்தில் நன்றாக வீசும் என்பதால், கடற்கரை கிடைத்தால் சிறிய கருவிகூடப் பெரிதாகக் கேட்கும். எங்கிருந்து இயங்கலாம் என்பதைத் தகவல், தொடர்பு, ஊடக மேம்பாட்டு ஆணையம் வழங்கும் உரிமத்தின் நிபந்தனைகளில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கம்பி, கோஆக்ஸ் கேபிள், கனெக்டர், ஃபெரைட் வளையங்களுக்கு ஜாலான் புசார் 10ஆம் எண்ணிலுள்ள சிம் லிம் டவர் இன்றும் முதல் நிறுத்தம். பக்கத்திலிருந்த சுங்கை ரோடு பழைய பொருள் சந்தை, பிரிட்டிஷ் படைகள் வெளியேறிய காலத்து ராணுவச் சாமான்கள் உட்படப் பழைய பொருள்கள் பலவும் கிடைத்த இடம், 2017 ஜூலை 10ஆம் நாள் மூடப்பட்டது.

எந்தப் போட்டியில் தொடங்குவது

சிக்யூ வேர்ல்ட் வைடில் மூன்று ஆண்டுகளுக்கு உட்பட்ட உரிமம் உள்ளவர்களுக்கு ‘ரூக்கி’ என்ற தனிப் பிரிவு உண்டு. மார்ச், மே மாதங்களில் வரும் டபிள்யூபிஎக்ஸ் போட்டியில் நாட்டுக்குப் பதிலாக முன்னொட்டே பெருக்கி. ஆனால் வரிசை எண் ஒவ்வொரு தொடர்புக்கும் மாறுவதால் காது தீட்டியிருக்க வேண்டும். ஜப்பானியச் சங்கம் நடத்தும் ஆல் ஏஷியன் போட்டி ஆசிய நிலையங்களையே நடுவில் வைக்கிறது: மோர்ஸ் ஜூனில், குரல் செப்டம்பரில். அதில் பரிமாறும் எண் இயக்குநரின் வயது. பெண்கள் விரும்பினால் 00 சொல்லலாம். போட்டியே வேண்டாம், முதலில் பேசிப் பழக வேண்டும் என்பவர்களுக்கு 14.320 மெகாஹெர்ட்ஸில் சிங்கப்பூர் நேரம் இரவு 8 மணிக்குக் கூடும் சீநெட் இருக்கிறது. 1964 முதல் இந்த வட்டாரத்து ஹாம்கள் அங்கே குரல் கொடுத்துவருகிறார்கள்.

போட்டி முடிந்ததும் பதிவேட்டைக் கபிரில்லோ வடிவத்தில் அமைப்பாளர்களுக்கு அனுப்ப வேண்டும். சிக்யூ வேர்ல்ட் வைடுக்கு ஐந்து நாள் கெடு. எல்லாப் பதிவேடுகளையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுச் சரிபார்ப்பார்கள். தவறாகக் குறித்த அழைப்புக்குறிக்கு அந்தத் தொடர்பு போவதோடு கூடுதலாகவும் புள்ளி கழியும். இருபது தொடர்பே ஆனாலும் அனுப்புவது நல்லது. திரும்பி வரும் சரிபார்ப்பு அறிக்கையில் எந்த எழுத்தை எங்கே தவறாகக் கேட்டோம் என்பது வரிவரியாக இருக்கும்.