மொட்டை மாடி ஒழுகினால் யார் செலவு? அபார்ட்மென்ட் ரிப்பேரில் முடிவெடுப்பது யார்?

மழை வந்தாலே கடலூர், சிதம்பரம் அபார்ட்மென்ட்களில் ஒரு பஞ்சாயத்தும் வந்துவிடும். மேல் வீட்டுக்காரர் ‘மொட்டை மாடி ஒழுகுது’ என்பார். கீழ் வீட்டுக்காரர் ‘எங்க வீடு ஒழுகலையே, நான் ஏன் காசு தரணும்?’ என்பார். சட்டம் யார் பக்கம்?

எதெல்லாம் பொது?

அஸ்திவாரம், தூண், பீம், மெயின் சுவர், மொட்டை மாடி, படிக்கட்டு, லிஃப்ட், பொதுத் தண்ணீர்த் தொட்டி எல்லாமே பொது. இவை எல்லா உரிமையாளர்களுக்கும் சொந்தம் என்பதால் செலவும் எல்லோருக்கும்தான். ‘நான் லிஃப்டே ஏறுறதில்ல’ என்று தரைத்தள வீட்டுக்காரர் ஒதுங்க முடியாது. உங்க வீட்டுக்குள் இருக்கும் குழாய், டைல்ஸ் மட்டும் உங்க செலவு.

முடிவெடுப்பது யார்?

1994 சட்டத்துக்குப் பதிலாக வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2022, கடந்த 2024 மார்ச்சில் அமலுக்கு வந்தது. இதன்படி பொதுப் பகுதிகளைப் பராமரிப்பது உரிமையாளர்கள் சங்கத்தின் பொறுப்பு. பல்பு, மோட்டார் போன்ற சின்ன வேலைகளை நிர்வாகக் குழுவே பார்த்துக்கொள்ளும். பெரிய செலவு என்றால் பொதுக்குழு. எவ்வளவு வரை யார் செலவு செய்யலாம் என்பது பைலாவில் இருக்கும். அதை ஒருமுறை வாங்கிப் படிங்க.

முழுசா இடித்துக் கட்டணும்னா?

மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் போதும்.

புது ஃப்ளாட்டில் விரிசலா?

ரெராவில் பதிவான கட்டடம் என்றால், சாவி வாங்கிய 5 ஆண்டுக்குள் வரும் கட்டுமானக் குறைகளை பில்டர்தான் சரிசெய்யணும். புகார் சொன்ன 30 நாளுக்குள், இலவசமாக.

வாடகைக்கு இருப்பவர்?

பாதிப்பை எழுதிக் கொடுக்கலாம். ஓட்டும், செலவில் பங்கும் உரிமையாளருக்கே.

ஏன் தள்ளிப்போடக் கூடாது?

கடலூர் மாதிரி கடலோர ஊர்களில் உப்புக்காற்றால் கம்பி துருப்பிடிக்கும். துரு உப்பி கான்கிரீட்டைப் பிளக்கும். அதற்கு மேல் பூச்சு பூசி மறைத்தால் பிரச்னை தீராது.

2021 டிசம்பர் 27 அன்று சென்னை திருவொற்றியூரில் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியக் கட்டடம் இடிந்ததில் 24 வீடுகள் தரைமட்டமாகின. விரிசலைப் பார்த்ததும் மக்கள் வெளியேறியதால் உயிர்ச்சேதம் இல்லை.

என்ன செய்யணும்?

போட்டோ எடுங்க. சங்கத்துக்குக் கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்க. ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஆய்வு கேளுங்க. தூணில் விரிசல் பெரிசாகிட்டே போனால் பொதுக்குழுவுக்குக் காத்திருக்காதீங்க, முதலில் வெளியேறுங்க.