மிஞ்சிய மாவின் கதை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. புனேயில் விடாத மழை. பத்தாவது படிக்கும் மகள், யூட்யூபைப் பார்த்து சாக்லேட் சிப் குக்கீ செய்கிறேன் என்று சமையலறையைக் கைப்பற்றிவிட்டாள். எங்கள் வீட்டுக் குட்டி அவனில் ஒரு தடவைக்கு ஒன்பதுதான் வைக்கலாம். இரண்டு ஈடு எடுத்திருப்பாள் (இட்லிக்குத்தான் ஈடு, இருந்தாலும் பரவாயில்லை), கரண்ட் போய்விட்டது. பிசைந்த மாவில் பாதி கிண்ணத்திலேயே மிச்சம்.

"இத்தனையையும் என்னங்க பண்றது?" என்றார் தங்கமணி. மகளுக்கு அந்தக் கவலையே இல்லை. ஸ்பூனால் பச்சை மாவை எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். "வயித்த வலிக்கும்டி" என்றேன். "முட்டையே போடலப்பா, ஒண்ணும் ஆகாது" என்றாள். எங்கள் வீட்டில் முட்டை கிடையாது என்பதால் நியாயமான வாதமாகத்தான் பட்டது. நானும் ஒரு ஸ்பூன் எடுத்துக்கொண்டேன். பொய் சொல்வானேன், நன்றாகவே இருந்தது.

நான் பி.காம் படித்துவிட்டு வங்கிக்கு வந்தவன். வருடக் கடைசியில் மிச்சம் இருக்கும் சரக்குக்கு ஒரு மதிப்புப் போடாமல் கணக்கு முடியாது என்பது எங்கள் பாலபாடம். இந்த மாவு பிறந்த ஊரான அமெரிக்காவில் மிச்ச மாவுக்கு என்ன மதிப்புப் போட்டார்கள் என்று அன்று ராத்திரி தேட ஆரம்பித்தேன். கரண்ட் வந்த பிறகும் தூங்கவில்லை.

மாசசூசெட்ஸ் மாநிலத்தில் விட்மன் என்று ஓர் ஊர். அங்கே 'டோல் ஹவுஸ்' என்ற விடுதியை 1930-ல் வாங்கி நடத்தியவர்கள் ரூத் வேக்ஃபீல்டும் அவர் கணவரும். சாக்லேட் சிப் குக்கீ அந்த அம்மாள் கைவண்ணம். 1938-ல் வந்த அவருடைய சமையல் புத்தகப் பதிப்பில் அந்தச் செய்முறை இருக்கிறது. ஏதோ கைதவறிச் சாக்லேட் விழுந்து பிறந்த பலகாரம் என்று ஒரு கதை உலவுகிறதே, அதை நம்பாதீர்கள். வேண்டுமென்றே புதிதாக ஒன்று செய்து பார்க்க நினைத்துச் செய்ததுதான் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

மிச்ச மாவை எடுத்து வைக்கும் வழக்கத்துக்கும் ஏறக்குறைய அதே வயசு. வீட்டுக்குள் ஐஸ் பெட்டியும், பின்னால் ஃப்ரிட்ஜும் வந்தபோது, மாவை உருளையாக உருட்டி, மெழுகுத்தாளில் சுற்றிக் குளிரில் வைத்துவிடுவார்கள். விருந்தாளி வந்தால் வேண்டிய அளவு வில்லை போட்டுச் சுட வேண்டியது. அதற்கு 'ஐஸ்பாக்ஸ் குக்கீ' என்றே பெயர். நம் வீட்டு இட்லி மாவு ஃப்ரிட்ஜில் குடியேறிய அதே கதைதான்.

வீட்டுப் பழக்கம் வியாபாரமாக எத்தனை நாள் ஆகும்? கென்டக்கி மாநிலம் லூயிவில்லில் லைவ்லி வில்லோபி என்ற பேக்கரிக்காரர், சுடாத மாவைக் குளிரில் கெடாமல் அட்டைக் குழலில் அடைத்து விற்கும் முறைக்கு 1931-ல் காப்புரிமை வாங்கினார். (அவர் அடைத்தது அமெரிக்க 'பிஸ்கட்' மாவு. நம் பிஸ்கட் இல்லை, மெத்தென்ற குட்டி பன் மாதிரி.) அந்த மாவை விற்ற கம்பெனியை 1951-ல் பில்ஸ்பரி வாங்கியது. பின்னால் குக்கீ மாவும் அதே வழியில் கடை ஃப்ரிட்ஜுக்கு வந்து சேர்ந்தது. மிச்சமாவது போய், மிச்சம் போலவே தயாரித்து விற்பது என்றாகிவிட்டது.

அடுத்த பாய்ச்சல்தான் அசத்தல். வெர்மான்ட் மாநிலம் பர்லிங்டனில் பென் அண்ட் ஜெர்ரிஸ் ஐஸ்கிரீம் கடை. 1984-ல் அந்தக் கடையின் யோசனைப் பலகையில் யாரோ பெயர் போடாமல் எழுதிவிட்டுப் போனார்கள்: குக்கீ மாவைச் சுடாமல் ஐஸ்கிரீமில் போட்டால் என்ன? கடையில் கையால் போட்டுக் கொடுத்தபோது அமோக வரவேற்பு. ஆனால் பிசுபிசுக்கிற மாவை இயந்திரத்துக்குப் பழக்கிப் பெட்டியில் அடைத்து விற்க 1991 வரை ஆனது. அதே ஊரைச் சேர்ந்த ரைனோ ஃபுட்ஸ் என்ற கம்பெனி மாவைச் சின்ன உறைந்த துண்டுகளாகச் செய்து கொடுத்ததால்தான் நடந்தது. குழந்தைகள் கிண்ணத்தை வழித்து நக்கும் சமாச்சாரம் கோடிக்கணக்கில் புரளும் தொழிலாகிவிட்டது.

இதுவரை எல்லாமே லாபக் கணக்கு. இனிமேல்தான் விஷயம்.

பச்சை மாவு என்றாலே எல்லோரும் பயந்தது முட்டையைப் பார்த்துத்தான். சால்மோனெல்லா கிருமி. அதனால் ஐஸ்கிரீம்காரர்கள் முட்டையைப் பாஸ்டர் முறையில் சூடாக்கிச் சேர்த்தார்கள். 2009-ல் அமெரிக்காவில் 30 மாநிலங்களில் 77 பேர் ஈ.கோலை கிருமியால் நோயில் விழுந்தார்கள். 35 பேர் ஆஸ்பத்திரியில் படுத்தார்கள், 10 பேருக்குச் சிறுநீரகம் வரை பாதிப்பு. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. விசாரித்தால், கடையில் வாங்கிய குக்கீ மாவைச் சுடாமலே தின்றது தெரிய வந்தது. ஆனால் சால்மோனெல்லாவுக்குப் பதில் ஈ.கோலை எப்படி வந்தது? ஒவ்வொரு பொருளாக ஆராய்ந்தவர்களுக்குக் கடைசியில் சந்தேகம் விழுந்தது கோதுமை மாவின் மேல். அப்போது அதை உறுதியாக நிரூபிக்க முடியவில்லை.

2016-ல் நிரூபணமே கிடைத்தது. 24 மாநிலங்களில் 63 பேருக்கு நோய். இந்த முறை பாக்கெட் மாவிலேயே கிருமி அகப்பட்டது.

யோசித்தால் இதில் ஆச்சரியமே இல்லை. கோதுமை திறந்த வெளியில் விளைகிறது. ஆடு மாடு, பறவைகள் எல்லாம் நடமாடுகிற இடம். அரைக்கும்போது கிருமியைக் கொல்லும் கட்டம் எதுவும் கிடையாது. உலர்ந்த மாவில் அது மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். பொடியாக, வெள்ளையாக, சுத்தமாக இருப்பதால் அதுவும் பச்சைப் பொருள்தான் என்பதே நமக்கு மறந்துபோகிறது.

எங்கள் தொழிலில் இது தினசரி அனுபவம். சந்தேகப்பட்ட கணக்கை ஆயிரம் தடவை சரிபார்ப்போம், அது ஒழுங்காகத் தவணை கட்டும். யாருமே திரும்பிப் பார்க்காத 'நல்ல' கணக்கு ஒருநாள் வாராக்கடனாகி நிற்கும். முட்டையைக் கண்காணித்தவர்கள் மாவைக் கவனிக்கவில்லை. "முட்டையே போடலப்பா" என்பதும், அதற்கு நான் தலையாட்டியதும் அதே தப்புதான்.

2009-க்குப் பிறகு பெரிய கம்பெனிகள் சூடாக்கிப் பதப்படுத்திய மாவுக்கு மாறின. 2017-ல் நியூயார்க்கில் பச்சை மாவைக் கிண்ணத்தில் விற்கும் கடை திறந்து, தெருவில் வரிசை நின்றது. அங்கேயும் அதே பதப்படுத்திய மாவுதான். நாமே வாணலியில் வறுத்துக்கொண்டால் ஆகாதா என்று கேட்பீர்கள். அதை நம்ப வேண்டாம் என்கிறது அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம். உலர்ந்த மாவில் கிருமி சூட்டை அதிகமாகவே தாங்குமாம்.

அப்படியானால் மிச்ச மாவை என்னதான் செய்வது? உருளையாக்கி ஃப்ரீஸரில் வைத்தால் இரண்டு மாதம் தாங்கும், வேண்டியபோது வில்லை போட்டுச் சுடலாம். தட்டில் பரப்பி ஒரே பாளமாகச் சுட்டுத் துண்டு போடலாம். நறுக்கிய ஆப்பிள் மேல் உதிர்த்துவிட்டு அவனில் வைத்தால் பிரமாதம். ஐஸ்கிரீமில் போடத்தான் ஆசையென்றால், சுட்டு நொறுக்கிப் போடுங்கள்.

அவசரப்படவும் தேவையில்லை. 2008-ல் நியூயார்க் டைம்ஸில் டேவிட் லைட் என்பவர் மாவை 12, 24, 36 மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்துச் சுட்டுப் பார்த்து எழுதினார். 36 மணி நேர மாவுக்குத்தான் முதல் பரிசு. ஈரம் மாவுக்குள் மெதுவாக ஊறி, நிறமும் ருசியும் கூடுகிறதாம். வைப்புத்தொகை மாதிரி, காத்திருந்தால் வட்டி உண்டு.

மறுநாள் காலை இதையெல்லாம் மகளிடம் சொன்னேன். "அப்போ புரட்டாசில மாவிளக்கு மாவு சாப்பிடறோமே?" என்று கேட்டாள். அதைச் சாப்பிட்டு வளர்ந்தவன் நான். என்னிடம் உடனே பதில் இல்லை. "அதுவும் பச்சை மாவுதான்மா" என்று மட்டும் சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை காலை மிச்சத்தைச் சுட்டாள். ஞாயிற்றுக்கிழமை குக்கீயைவிட நிஜமாகவே நன்றாக இருந்தது. கிண்ணத்தை இந்தத் தடவை யாரும் வழிக்கவில்லை. நானே கழுவி வைத்துவிட்டு ஆபீஸ் கிளம்பினேன்.