மெழுகும் மணியும்: ஹுயிச்சோல் மக்களின் மணிக்கலை - ஒரு வரலாற்று நோக்கு

ஒரு மக்கட் கூட்டத்தின் வரலாற்றை அறிவதற்கு எழுத்தாவணங்கள் மாத்திரமே சான்றாகும் எனக் கொள்வது பொருந்தாது. எழுத்து வழக்கினைப் பெரிதும் கொண்டிராத சமூகங்கள் தம் நினைவுகளை நெசவிலும், மட்பாண்டத்திலும், பாட்டிலும், சடங்கிலும் பொதிந்து வைத்துள்ளன. மெக்சிக்கோ நாட்டின் மேற்கு மலைத்தொடரில் வாழும் ஹுயிச்சோல் மக்களின் மணிக்கலை இதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டாகும். தேன்மெழுகு பூசிய பரப்பொன்றிலே கடுகளவான கண்ணாடி மணிகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பதித்து, மானும் சோளமும் கழுகும் பாம்புமாக உருவங்களை அமைப்பதே இக்கலையின் சாரம். இன்று உலகின் பெருநகர்க் கடைகளிலும் அரும்பொருட் காட்சியகங்களிலும் காணப்படும் இவ்வேலைப்பாடு, தோற்றத்தில் தெய்வங்களுக்கு அளிக்கப்பட்டு, வெயிலிலும் மழையிலும் அழிய விடப்பட்ட படையலாக இருந்தது. அழியும் படையல் எவ்வாறு நிலைத்து நிற்கும் விற்பனைப் பண்டமாயிற்று என்பதையும், அம்மாற்றத்தினூடே இக்கலையைக் கற்றல் என்பதன் பொருள் எவ்வாறு வேறுபட்டது என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மக்களும் வாழ்புலமும்

ஹுயிச்சோல் என்பது பிறர் இட்டு வழங்கிய பெயராகும். அம்மக்கள் தம்மை விறாரிக்கா என்றே அழைத்துக்கொள்வர். ஹலிஸ்கோ, நயாரித், துராங்கோ, சக்காத்தேக்காஸ் ஆகிய நான்கு மாநிலங்கள் ஒன்றையொன்று தொடும் மலைநாடே இவர்களது வாழ்புலம். ஆழ்ந்த பள்ளத்தாக்குகளும் செங்குத்தான சரிவுகளும் நிறைந்த அப்பகுதியில் போக்குவரத்து நெடுங்காலம் அரிதாகவே இருந்தது. இவர்களது மொழி ஊத்தோ-அஸ்தெக் மொழிக் குடும்பத்தைச் சார்ந்தது. 2020ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி அதனைப் பேசுவோர் ஏறத்தாழ 60,000 பேராவர்.

அஸ்தெக் தலைநகர் 1521இல் ஸ்பானியர் வசமாயிற்று. ஆயினும் நாயார் மலைப்பகுதி அவர்களுக்கு அடங்க மேலும் இரு நூற்றாண்டுகள் சென்றன. 1722ஆம் ஆண்டிலேயே அப்பகுதியின் இறுதி அரண் வீழ்ந்தது. அதன் பின்னரும் கத்தோலிக்கத் துறவியரின் செல்வாக்கு இம்மலைகளில் ஆழ வேரூன்றவில்லை. மெக்சிக்கோவின் ஏனைய பல குடிகள் தம் பண்டைச் சமயத்தைப் பெரும்பாலும் இழந்துவிட்ட காலத்தும் ஹுயிச்சோல் மக்கள் அதனைப் பேணிக் காத்தமைக்கு இவ்வரலாற்றுத் தாமதம் முக்கிய காரணமாகும் எனலாம்.

இவர்களது சமயத்தின் நடுவில் சோளம், மான், ஹிக்குரி எனப்படும் பெயோட்டேக் கள்ளி ஆகிய மூன்றும் நிற்கின்றன. சோளம் உழவனின் உணவு. மான் வேட்டுவனின் உணவு. கள்ளியோ தெய்வக் காட்சியைத் தருவது. இம்மூன்றும் ஒன்றே என்பது அவர்களது நம்பிக்கை. வேட்டை வாழ்விலிருந்து வேளாண்மைக்கு மாறிய ஒரு சமூகத்தின் நினைவு இந்த ஒருமைப்பாட்டிலே உறைந்துள்ளது என ஆய்வாளர் கருதுவர். மூதாதையர் வடிவான நெருப்புத் தெய்வம் தாத்தெவாரி எனவும், மக்களுக்கு வழிகாட்டும் மான் வடிவினர் கவுயுமாரி எனவும் அழைக்கப்படுவர். மணிவேலையிற் காணும் உருவங்களை விளங்கிக் கொள்வதற்கு இப்பின்னணி இன்றியமையாதது.

படையற் கிண்ணம்

மணிக்கலையின் மூலவடிவம் சுரைக்குடுக்கையாற் செய்த கிண்ணமாகும். முற்றி உலர்ந்த குடுக்கையை இரண்டாகப் பிளந்து, உட்புறத்தைச் சுரண்டித் தூய்மை செய்து, அதிலே தேன்மெழுகைக் கொண்டு மணிகளையும் சோள விதைகளையும் நாணயங்களையும் ஒட்டுவர். மெழுகினாலே மான், சோளக்கதிர், மனிதர் போன்ற சிறு உருவங்கள் செய்து வைப்பதும் உண்டு. மழை வேண்டுவோர், மகப்பேறு வேண்டுவோர், நோய் நீங்க வேண்டுவோர் எனப் பலரும் தத்தம் வேண்டுதலுக்கேற்ப உருவங்களை அமைப்பர். பின்னர் அக்கிண்ணத்தைக் கோயிலிலோ, குகையிலோ, நீரூற்றின் கரையிலோ வைத்து மீள்வர். தெய்வங்கள் அங்கு வந்து கிண்ணத்திலுள்ள வேண்டுதலைப் பருகிச் செல்லும் என்பது நம்பிக்கை. எனவே கிண்ணம் என்பது எழுதப்படாத ஒரு விண்ணப்பமாகும். அதனைத் தெய்வம் ஏற்றுக்கொண்ட பின்னர் மெழுகு உருகினாலும் மணிகள் உதிர்ந்தாலும் செய்தவருக்குக் கவலை இல்லை.

இக்கிண்ணங்களை ஆராய்ந்து பதிவு செய்தோருள் நோர்வே நாட்டவரான கார்ல் லும்ஹோல்ட்ஸ் முதன்மையானவர். 1890களில் இம்மலைகளிற் பயணம் செய்த அவர், நியூ யோர்க்கிலுள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று அரும்பொருளகத்துக்கெனப் பெருந்தொகையான பொருள்களைச் சேகரித்தார். ஹுயிச்சோல் மக்களின் குறியீடுகள் பற்றிய அவரது நூல் 1900இலும், அலங்காரக் கலை பற்றிய நூல் 1904இலும் வெளிவந்தன. ஹுயிச்சோல் மக்கள் அணியும் ஆடையிலும் ஏந்தும் கிண்ணத்திலும் உள்ள ஒவ்வோர் உருவமும் ஒரு வேண்டுதலே என்பது அவர் கண்ட முடிவாகும். மலைச்சுனையில் அழிந்திருக்கவேண்டிய கிண்ணங்கள் கண்ணாடிப் பேழைக்குள் நிலைபெறத் தொடங்கியமையும் இக்காலத்திலேயே என்பது நோக்கற்பாலது.

மணியின் வருகை

தொன்மைக் கலை எனப் போற்றப்படும் இவ்வேலைக்குரிய கண்ணாடி மணி உள்நாட்டுப் பொருளன்று. ஐரோப்பியர் வருகைக்கு முன்னர் விதைகள், சிப்பி, எலும்பு, களிமண், கல் ஆகியவற்றால் அமைந்த மணிகளே வழக்கிலிருந்தன. கண்ணாடி மணிகள் ஸ்பானியர் வணிகத்தின் வழியாகவே மெக்சிக்கோவினுட் புகுந்தன. பிற்காலத்தில் பொஹீமியா எனப்பட்ட செக் நாட்டுப் பகுதியிற் செய்யப்பட்ட சிறுமணிகள் பெருவழக்குப் பெற்றன. அண்மைக் காலத்தில் ஜப்பானிய மணிகளும் கைக்கொள்ளப்படுகின்றன.

ஆகவே வணிகத் தொடர்பு இக்கலையைத் தீண்டியது அண்மையிற்றான் என்று கூறுதல் வரலாற்றுக்கு முரணாகும். இருதலைக் கழுகு உருவமும் இவ்வாறே சிந்திக்கத்தக்கது. அது வானத்தின் தாயாகிய தெய்வத்தைக் குறிக்கும் என்பர். எனினும் ஸ்பெயினை ஆண்ட ஹப்ஸ்பேர்க் அரச குடும்பத்தின் இலச்சினையோடு அதற்குள்ள ஒப்புமை ஆய்வாளரிடையே வினாவாக எழுந்துள்ளது. வெளியிலிருந்து வந்த பொருளையும் உருவையும் தம் வேண்டுதலின் மொழிக்குள் அடக்கிக் கொண்டமையே இம்மக்களின் தனித்திறன்.

கற்கும் முறை

இக்கலையின் கைவினைப் பகுதி சொல்லளவில் எளியது. மெழுகைக் கையாற் பிசைந்தும் வெயிலில் வைத்தும் இளக்குவர். அது இறுகப் பற்றுவதற்காகப் பைன் மரத்துப் பிசினைக் கலப்பதும் உண்டு. இளகிய மெழுகைப் பெருவிரலால் மெல்லிய படையாகப் பரப்பின்மீது தேய்ப்பர். படை மிக மெல்லிதாயின் மணி நில்லாது. மிகத் தடிப்பாயின் மணி அமிழ்ந்து அதன் துளையை மெழுகு அடைத்துவிடும். பின்னர் ஊசி முனையில் மணியை ஏந்தித் துளை மேல்நோக்கி நிற்குமாறு அழுத்துவர். நடுவிலிருந்தோ உருவங்களின் எல்லைக் கோட்டிலிருந்தோ தொடங்கி, உருவங்களை நிறைத்து, இறுதியிற் பின்புலத்தை நிரப்புவர். ஒரு வரிசை சற்றே பிசகினும் அடுத்த வரிசைகள் யாவும் பிசகும். குளிர்ந்த வேளையில் மெழுகு இறுகி மணியை ஏற்க மறுக்கும். வெயில் மிகுந்தால் பதித்த மணிகள் இடம் பெயரும். ஆகவே கற்போர் முதலிற் பழகவேண்டியது பொழுதையும் வெப்பத்தையும் அறிந்து கைவைக்கும் பொறுமையையே.

இவ்வளவையும் உன்னிப்பாக நோக்கும் எவரும் சில வாரங்களிற் பயின்றுகொள்ளலாம். ஆனால் ஹுயிச்சோல் மக்கள் கற்றல் எனக் கருதுவது இதனோடு முடிவதன்று. சிறுவர் பெரியோரின் அருகிலிருந்து பார்த்தும், சிறு வேலைகளைச் செய்தும் பழகுவர். வடிவங்களோ தெய்வத்தின் கொடையெனக் கொள்ளப்படும். தேர்ச்சி வேண்டுவோர் தெய்வங்களுக்கு நேர்ந்து, நோன்பிருந்து, புனிதத் தலங்களுக்கு யாத்திரை செல்வர். பூவேலையோ நெசவோ தொடங்கவிருக்கும் பெண் பற்றி லும்ஹோல்ட்ஸ் தரும் செய்தி இங்கு குறிப்பிடத்தக்கது. கணவன் பெரிய பாம்பொன்றைப் பிடித்துக் கவைக்கோலில் இருத்திக் கொள்வான். அவள் அதன் முதுகினைத் தலைமுதல் வால்வரை ஒரு கையால் தடவி, அக்கையினாலேயே தன் நெற்றியையும் கண்களையும் ஒற்றிக்கொள்வாள். பாம்பின் முதுகிலுள்ள கோலங்களைப் போன்ற அழகு தன் வேலையிலும் அமையவேண்டும் என்பது அச்செயலின் கருத்து. கை கற்பதற்கு முன்னர் கண் கற்கவேண்டும் என்னும் கொள்கை இதிற் புலனாகின்றது.

நியெரிக்கா என்ற சொல்லும் இதனையே வலியுறுத்துகின்றது. வட்ட வடிவான படையற் பொருளுக்கும், முகத்துக்கும், தெய்வக் காட்சிக்கும் அச்சொல் ஒருங்கே வழங்கும். மராக்காமே எனப்படும் பூசகர் பாட்டினாலும் கனவினாலும் காண்பதைக் கலைஞர் மெழுகின்மீது நிறுத்துவர். எனவே நியெரிக்காவைச் செய்யக் கற்பது காணக் கற்பதேயாகும்.

சந்தையும் கலையும்

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே பெருமாற்றம் நேர்ந்தது. குவாதலஹாரா நகரை அடுத்த சப்போப்பானில் பிரான்சிஸ்கன் துறவியர் ஹுயிச்சோல் கைப்பணிகளைக் காட்சிப்படுத்தி விற்க வழிசெய்தனர். மணிக்குப் பதிலாக நிறநூலை மெழுகிற் பதிக்கும் நூலோவியம் 1950களிலிருந்து விற்பனைக்கென வளர்ந்தது. ரமோன் மெதீனா சில்வா என்னும் கலைஞர் அதிலே புராணக் கதைகளைச் சித்திரித்துப் புகழ் பெற்றார். 1966இல் அவரது வழிகாட்டலில் மானிடவியலாளர்களான பீற்றர் பேர்ஸ்ற், பார்பரா மயர்ஹொவ் ஆகியோர் விரிக்கூத்தா யாத்திரையிற் கலந்துகொண்டனர். 1960களிலும் 1970களிலும் மெக்சிக்கோ அரசு ஹுயிக்கொத் என்னும் அபிவிருத்தித் திட்டத்தின் கீழ் மலைப்பகுதிக்கு விமான இறங்குதுறைகளையும் பாதைகளையும் அமைத்தது. சந்தை மலையேறி வந்தது.

தொடர்ந்து மணிவேலை கிண்ணத்தை விட்டுப் பரந்தது. மரத்திற் செதுக்கிய சிறுத்தைத் தலைகள், முகமூடிகள், மான் உருவங்கள் ஆகியன மணிகளாற் போர்த்தப்பட்டன. 1997இல் சாந்தோஸ் தெ லா தோரே என்னும் கலைஞர் ஏறத்தாழ 20 இலட்சம் மணிகளாலும் 80 பலகைகளாலும் அமைத்த சுவரோவியம், பாரிஸ் நகரின் லூவர் அரும்பொருளகத்தை அடுத்த சுரங்கப் புகையிரத நிலையத்தில் இடம்பெற்றது. 2010இல் இரு குடும்பங்களைச் சேர்ந்த எட்டுக் கலைஞர் வொக்ஸ்வாகன் மோட்டார் வண்டியொன்றினை 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட மணிகளால் மூடினர். இதற்கு 9,000 மணித்தியாலங்களுக்கு மேற் சென்றன. வெயிலில் நிற்கும் வண்டிக்குத் தேன்மெழுகு உதவாதாகையால் வெப்பந்தாங்கும் பிசினே அதிற் பயன்பட்டது. உருகும் மெழுகின் இடத்தை உருகாப் பிசின் எடுத்துக்கொண்ட இந்நிகழ்ச்சி கலையின் வரலாற்றையே சுருங்கச் சொல்கிறது. தெய்வத்துக்குரிய பொருள் அழியலாம். விலை கொடுத்து வாங்கியவனின் பொருள் அழியலாகாது.

இதனைக் கொண்டு சந்தை கலையைக் கெடுத்துவிட்டது என எளிதில் தீர்ப்புக் கூறுவோர் ஓர் உண்மையை மறந்துவிடுகின்றனர். மலைநிலத்தின் சோள விளைச்சல் ஆண்டு முழுவதுக்கும் போதாதபோது ஹுயிச்சோல் குடும்பங்கள் நயாரித் கரையோரப் புகையிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாக இறங்கின. அங்கு பூச்சிகொல்லி தெளித்த இலைகளைக் கையாற் கொய்து, அவ்விலைகள் தொங்கும் கொட்டில்களிலேயே குழந்தைகளோடு உறங்கினர். இதனால் விளைந்த நோய்களும் இறப்புகளும் 1990களில் ஆவணப்படமொன்றின் வாயிலாக வெளியுலகை எட்டின. மணிவேலையால் வரும் வருவாய் ஒரு குடும்பத்தை அத்தோட்டத்துக்குப் போகாமற் காக்குமாயின், அது மலையிலே தங்கிச் சோளம் விதைக்கவும் சடங்குகளைச் செய்யவும் துணைபுரிகிறது. விற்பனை மணியே படையல் மணிக்குக் காவலாதலும் உண்டு. ஆனால் இலாபத்தின் பெரும்பகுதி இடைத்தரகர் கையிற் சேர்வதும், கலைஞரின் பெயரின்றியே அவரது வடிவங்கள் போலி செய்யப்படுவதும் இக்காவலை நலிவிக்கின்றன. இன்றைய கேள்வி கலையின் தூய்மை பற்றியதைவிட உழைப்பின் உரிமை பற்றியதே.

கலையின் ஊற்று

இவ்வளவு மாற்றத்தினூடும் இக்கலை வற்றாதிருப்பதற்குக் காரணம் விரிக்கூத்தாவாகும். சான் லூயிஸ் பொத்தோசி மாநிலத்தின் பாலைநிலத்தில் உள்ள அத்தலத்துக்கு யாத்திரிகர் நெடுந்தொலைவு சென்று, கள்ளியைச் சேகரித்து, கிண்ணங்களைப் படைத்து மீள்வர். முன்னோர் கால்நடையாகச் சென்ற அவ்வழியில் இன்று பெரும்பாலோர் வாகனத்திற் செல்கின்றனர். படையல் மாத்திரம் மாறவில்லை. அந்நிலத்தில் வெள்ளி அகழும் உரிமை கனடா நாட்டு நிறுவனமொன்றுக்கு வழங்கப்பட்டிருந்தமை 2010 அளவிற் பெரும் எதிர்ப்பைத் தோற்றுவித்தது. 2012இல் நீதிமன்றம் பணிகளை இடைநிறுத்த ஆணையிட்டது. 2025இல் ஐந்து மாநிலங்களினூடு செல்லும் இந்த யாத்திரைப் பாதை யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது.

பட்டியல் ஒரு பாதுகாப்பேயாயினும் அது நிலத்தைப் பேணும் மக்களின் இடத்தை நிரப்பமாட்டாது. மெழுகை இளக்கவும் மணியைப் பதிக்கவும் எந்நாட்டவரும் கற்கலாம், அதிற் குற்றமில்லை. ஆயின் அவ்வாறு கற்பவர் தம் கையிலுள்ள கிண்ணம் முன்னொரு காலத்தில் மட்டுமன்றி இன்றும் ஏதோவொரு சுனைக்கரையில் மழை வேண்டி வைக்கப்படுகிறது என்பதை அறிந்து கற்றல் வேண்டும். அங்கே மெழுகு உருகி மணிகள் நீரில் உதிர்கின்றன. அடுத்த ஆண்டு மற்றொரு கிண்ணம் செய்யப்படுகிறது. அழிந்ததை மீண்டும் செய்யவேண்டிய இந்தக் கடமையினாலேயே ஒரு தலைமுறையின் கைத்திறன் அடுத்த தலைமுறையின் கைக்குச் செல்கின்றது.